ஊசி போடாத பூனை

அந்த மாசி மாதம் எங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் வானத்தில்தான் இருந்தது. கண்டாவளைப் பக்கம் காலபோக நெல் முற்றித் தலைசாய்த்து நின்றது. வெட்டு மெசின் வயல் வயலாக முறை வைத்து வந்துகொண்டிருந்தது. எங்கள் முறை வருவதற்குள் மழை இறங்கினால் கதிர் நிலத்தில் படுத்துவிடும். என் கணவர் சாப்பிடும்போதும் வாசலுக்கு வெளியே முகில் பார்த்தபடிதான் சாப்பிட்டார்.

இந்த அவசரத்துக்குள்தான் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று எங்கள் ஒழுங்கையால் போனது. வளர்ப்பு நாய்களுக்கும் பூனைகளுக்கும் விசர்நாய்த் தடுப்பூசி போடுகிறார்களாம், சந்தியில் இருக்கும் பொதுநோக்கு மண்டபத்துக்குக் கொண்டுவரட்டாம். எங்களிடம் ஒரு நாயும் ஒரு பூனையும் இருந்தன. நாய் கயிற்றைக் கண்டாலே வாலாட்டும் சாதி. பூனைதான் பிரச்சினை. மகள் பள்ளிக்கூடத்தால் வரும்போது மழையில் நனைந்து கிடந்தது என்று சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது. வளர்ந்த பிறகு அவளைத் தவிர வேறு யாருடைய கைக்கும் வராது.

"நாயை மட்டும் கொண்டுபோங்கோ. பூனையைப் பிறகு பாப்பம்" என்றேன்.

"பிறகு எண்டா எப்ப? ஒரேயடியா முடிச்சிட்டா வேலை முடிஞ்சுது" என்றார் இவர்.

வெறும் உரப்பை ஒன்றை நான் வாய் விரித்துப் பிடித்தேன். இவர் குசினிக்குள் அடுப்பு மூலையில் படுத்திருந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கினார். பையின் வாய்க்குள் பின்னங்கால்கள் போகும்வரை பூனை பேசாமல் இருந்தது. பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு சத்தம், ஒரு உதறல். பை என் கையை விட்டுப் போனது. பூனை இவருடைய பெருவிரலின் அடிச்சதையில் பல்லை இறக்கிவிட்டு, வேலிக்குக் கீழால் பாய்ந்து போய்விட்டது.

கையிலிருந்து இரத்தம் சொட்டியது. மகள் குசினி வாசலில் நின்று அழத் தொடங்கினாள்.

"இனி அது இந்த வளவுக்குள்ள காலெடுத்து வைக்கட்டும், அடிச்சே கொல்லுறன்" என்று இவர் வேலியைப் பார்த்துக் கத்தினார்.

கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அரைவாசியிலேயே கையை இழுத்துக்கொண்டு, சுண்ணாம்பை எடுத்து அப்பினார். பிறகு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மகளோடு சந்திக்குப் போனார். போகும்போது, "ஊசி போடுறவையிட்ட பூனை கடிச்சதெண்டு சொல்லுங்கோ" என்று வாசல் படலைவரை போய்ச் சொன்னேன்.

திரும்பி வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"சொன்னனான். வீட்டுப் பூனைதானே, ஒண்டுமில்லையாம்."

என் மனம் ஆறிவிட்டது. ஆனால் குளிக்க வார்க்கும்போது மகள், "அப்பா ஒண்டும் சொல்லேல்லயம்மா" என்றாள். "ஊசி போட்ட அண்ணா கையில என்னெண்டு கேட்டவர். அப்பா கம்பி கீறினதெண்டு சொன்னவர்."

இவரிடம் போய்க் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கிளிநொச்சியில் ஒரு நாள் முழுதும் போய்விடும். அதற்குள் மெசின் எங்கள் வயலைத் தாண்டிப் போய்விடும். "பூனை கடிச்சு ஆர் செத்தது?" என்று கேட்டார். பூனையும் அன்று வீட்டுக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

பயம் என்னைப் பிடித்தது கடையடியில். சீனி வாங்கப் போன இடத்தில் இரண்டு பேர் ஒரு கன்றுக்குட்டியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். ஒழுங்கை முடிவில் இருக்கும் வீட்டுக் கன்று அது. தீனி தின்னாமல், வாயால் எச்சில் வடிய, குரல் அடைத்தபடி கத்திக் கத்தி முதல் நாள் செத்துவிட்டதாம். மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, ஒருவரும் கிட்டப் போகவேண்டாம், ஆழமாகத் தாட்டுவிடுங்கள் என்றாராம். சில கிழமைகளுக்கு முன்னர் சிவப்பு மறு விழுந்த ஒரு செம்மறை நாய் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து அந்தக் கன்றைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்த நாயை நானும் கண்டிருந்தேன். பிரதான வீதிப் பக்கமிருந்து வந்தது. எங்கள் வேலி ஓரமாக நேரே பார்த்தபடி நடந்தது. எங்கள் நாய் உள்ளே நின்று குரைத்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கோ அதற்கு அடுத்த நாளோ பூனை காது கிழிந்து வந்ததும் ஞாபகம் வந்தது. கடுவன் பூனையோடு சண்டை பிடித்திருக்கும் என்று மகள் மஞ்சள் பூசிவிட்டாள். கடையடியில் நின்றபடி இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். சீனியை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்தார். "பூனைக்குக் காது கிழிஞ்சது கடுவனாலதான். நீ சும்மா கற்பனை பண்ணாத" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலை ஒன்றுதான். இவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசர் பிடித்தால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் என்று சின்ன வயதிலிருந்தே கேள்விப்பட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் செம்பை வைத்துவிட்டு, வேறெதையோ எடுப்பவள் போல அங்கேயே நின்றேன். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ட பிறகுதான் அந்த இடத்தை விட்டு அசைந்தேன். தேத்தண்ணியில் கொஞ்சம் மிச்சம் விட்டாலும் கேட்டுவிடுவேன். "ஏன் குடிக்கேல்ல?" என்று கேட்டால், "சுடுது" என்பார். அது சூடுதானா என்று கோப்பையைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஒருநாள் விடியற்காலை முற்றம் கூட்டக் கூட்டுமாறை எடுக்க வெளியே போனேன். இவர் கிணற்றடியில் நின்றார். வாளியில் தண்ணீர் அள்ளி, இரண்டு கையாலும் ஏந்தி, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குடித்தார். குடித்துவிட்டுத் தொண்டையில் கை வைத்துத் தடவினார். திரும்பவும் அள்ளினார். திரும்பவும் குடித்தார். அவருக்குத் தாகம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

கூட்டுமாறு கையிலேயே இருந்தது. அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"எத்தின நாளா இப்பிடி?" என்று கேட்டேன்.

"கன்றுக்குட்டிக் கதை கேட்ட நாளிலயிருந்து."

"எனக்குக் கற்பனை எண்டு சொன்னியள்."

"வேற என்னத்தைச் சொல்லுறது?" என்றார். அவருடைய குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை. "வயல் நிக்குது. பிள்ளை இருக்கு. வாயால சொன்னா உண்மையாப் போயிடும் போல இருந்தது."

அன்றே வெளிக்கிட்டோம். மெசின்காரனிடம் பேசி வெட்டுவிக்கிறேன் என்று பக்கத்து வயல்காரர் பொறுப்பெடுத்தார். மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு மோட்டார்சைக்கிளில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் இவருடைய முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு இருந்தேன். காற்றுப் பட்டாலும் அந்த நோய்க்காரருக்கு நடுக்கம் வரும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். முதுகு நடுங்குகிறதா என்று கவனித்துக்கொண்டே போனேன். நடுங்கியது நான்தான்.

வைத்தியர் இளம் பெண். கையைத் திருப்பிப் பார்த்ததும் அவருடைய முகம் இறுகியது.

"சுண்ணாம்பு ஆர் பூசினது? கடிச்சவுடனே ஏன் வரேல்ல?"

இவர் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் குனிந்துகொண்டு நின்றார்.

"பூனைக்கு ஊசி போட்டதோ?"

"போடத்தான் பிடிச்சனாங்கள், டொக்டர். அப்பதான் கடிச்சது" என்றேன் நான்.

"இப்ப பூனை எங்க?"

"காணேல்ல."

அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். ஊசியை இன்றைக்கே தொடங்குவார்கள், காயத்தைச் சுற்றியும் மருந்து ஏற்றுவார்கள். ஆனால் பூனையைக் கட்டாயம் தேடிப் பிடிக்க வேண்டும். அடித்துக் கொல்லக் கூடாது. கடித்த நாளிலிருந்து இரண்டு கிழமை அது சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் பயமில்லை, மிச்ச ஊசியையும் நிற்பாட்டலாம். அதற்குள் ஊசி போடுகிறோம் என்று அதை வருத்தவும் வேண்டாம், இப்போது பார்க்க மட்டும் வேண்டும். "செத்துப்போனா தாட்டுப்போடாதேங்கோ. உடன வந்து சொல்லுங்கோ. தலையைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க வேணும்."

கையில் மருந்து ஏற்றியபோது இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த அடையாளம் பின்னேரம் வரைக்கும் என் கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினோம். கருவாட்டுத் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, "பூஸ்... பூஸ்" என்று வேலி வேலியாகக் கூப்பிட்டேன். விறகுக் கொட்டில், மாட்டுக் கொட்டில், பழைய நெல் மூட்டை அடுக்கிய அறை, எதையும் விடவில்லை. ஒவ்வொரு பற்றைக்குள்ளும் குனியும்போது, செத்துக் கிடக்கக் கூடாது என்று நல்லூர்க் கந்தனையும் புளியம்பொக்கணை நாகதம்பிரானையும் கும்பிட்டுக்கொண்டு குனிந்தேன். ஒரு பூனையின் உயிருக்காக நான் நேர்த்தி வைத்தது அதுதான் முதல் தடவை.

மகள் எங்களோடு தேட வரவில்லை. கதிரையில் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். கிட்டப் போய் இருந்தேன்.

"பிள்ளை, உனக்கு ஏதும் தெரியுமோ?"

கதிரை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"அப்பாவுக்குச் சுகம் வாறதுக்கு பூனை வேணும். டொக்டர் அப்பிடித்தான் சொன்னவா."

"கிடைச்சா அடிக்கமாட்டியளோ?"

"அடிக்கமாட்டம்."

"அப்பாவும்?"

இவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தியமா அடிக்கமாட்டன், பிள்ளை" என்றார்.

பூனை வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றாள் மகள். எப்போதும் பகலில் அங்கேதான் போய்ப் படுக்குமாம்.

அந்த வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தாள். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். கணவன் கொழும்பில் கட்டட வேலை செய்தான். களை எடுக்க எங்கள் வயலுக்கும் வந்திருக்கிறாள். அதற்கு மேல் எனக்கு அவளைத் தெரியாது. நாங்கள் படலையடியில் நின்று கூப்பிட்டபோது அவள் ஈரக் கையோடு வந்தாள்.

"தங்கச்சி, இஞ்ச எங்கட பூனை வந்து நிக்குதோ?"

"ஒங்க பூனையாக்கா அது?" என்றாள். "ஊட்டுக்காரங்க யாருமில்லாத பூனைன்னு நெனச்சு நாந்தான் சோறு வச்சுக்கிட்டு இருக்கேன். நாலஞ்சு நாளா கட்டிலுக்குக் கீழதான் கெடக்கு. பயந்த மாதிரி."

குனிந்து பார்த்தேன். இருட்டுக்குள் இரண்டு கண் தெரிந்தது. உயிரோடு இருந்தது. நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன். கன்று, செம்மறை நாய், கடி, ஆஸ்பத்திரி. கேட்கக் கேட்க அவளுடைய முகம் வெளிறியது. மெல்லச் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு பிறாண்டல், காய்ந்து கறுத்திருந்தது.

"அன்னிக்கு ஓடி வந்து உள்ள பூந்தப்ப புடிக்கப் போனேன்கா. அப்ப கீறிருச்சு. நான் ஒண்ணும் பெருசா நெனைக்கல." பிறகு கேட்டாள்: "அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அடுத்த நாள் இவரே அவளையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதே வைத்தியர். அதே கேள்விகள். அவளுக்கும் ஊசி தொடங்கினார்கள். வரும்போது பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் திரும்பியபடி, கொழும்பில் இருக்கும் கணவனுக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்று கேட்டாள். சொல் என்றேன். சொன்னால் அவர் அங்கே நித்திரை கொள்ளமாட்டார் என்றாள். இங்கே ஒருவரும் கொள்ளவில்லைத்தானே என்றேன். இரண்டு பேருக்கும் அதில் சிரிப்பு வந்தது.

பூனையை அவளிடமே விட்டோம். மகளுக்கு அடுத்தபடி அவளுடைய கைக்குத்தான் அது பயமில்லாமல் இருந்தது. கம்பி வலை போட்ட எங்களுடைய கோழிக்கூட்டைக் கழுவி எடுத்துப்போய் அவளுடைய விறாந்தையில் வைத்தோம். கட்டிலுக்குக் கீழிருந்து அவள் சாக்குத் துணியால் மூடித் தூக்கிக் கூட்டுக்குள் விட்டாள். கூட்டுக்குள் கை போடக் கூடாது, தட்டைத் தடியால் தள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். காலையும் மாலையும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்ப்பது என் வேலை. சாப்பிட்டதா, தண்ணீர் நக்கியதா, கண் எப்படி, நடை எப்படி. மெசின் வந்து எங்கள் வயலை வெட்டிவிட்டுப் போனதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. றோட்டில் நெல் காய்ந்தது. நான் பூனையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியர் சொன்ன இரண்டு கிழமைத் தவணை முடியக் கிட்டவாக இருந்தபோது ஒரு காலை அவள் பாலத்தால் ஓடி வந்தாள்.

"அக்கா, எச்சி வடியுது."

நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. பூனை கூட்டின் மூலையில் ஒடுங்கியிருந்தது. வாய் அரைவாசி திறந்திருந்தது. எச்சில் நூல் போலத் தொங்கி முன்னங்காலை நனைத்திருந்தது. தட்டில் வைத்த சோறு வைத்தபடி கிடந்தது. தண்ணீர்ச் சிரட்டையைத் தடியால் கிட்டத் தள்ளினேன். அது முகத்தைக் கொண்டுபோய், பிறகு தலையை உதறிப் பின்வாங்கியது.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முடிஞ்சுதாக்கா?" என்றாள்.

இவரும் வந்துவிட்டார். கூட்டைப் பார்த்தார். உடனே மிருக வைத்தியருக்கு அழைத்தார். அவர் வரும்வரை மூன்று பேரும் முற்றத்தில் நின்றோம். மகளை வீட்டை விட்டு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவள் வாய்க்காலுக்கு மற்றப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கன்றுக்குட்டிக்கும் எச்சில் வடிந்தது என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் நினைவில் ஓடவில்லை. போட்ட ஊசிகள் காப்பாற்றுமா, சுணங்கித்தானே தொடங்கினோம், இவள் இன்னும் சுணங்கியல்லவா தொடங்கினாள். கேட்க ஆளில்லை. இவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

மிருக வைத்தியர் முழங்கைவரை தடித்த கையுறை போட்டுக்கொண்டு கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். அவசரப்படவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை முன்னங்காலால் ஒரு பக்கக் கன்னத்தை விறாண்டியது. திரும்பவும் அதே பக்கத்தை விறாண்டியது.

"நேற்று என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"சோறும் கொஞ்சம் பாலும்தானுங்க சார்" என்றாள் அவள்.

"மீன்?"

"இல்லைங்க."

இவர் தொண்டையைச் செருமினார். "நான் பின்னேரம் ஒரு மீன் தலை குடுத்தனான்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"சாப்பிடட்டும் எண்டுதான்" என்றார். "மெலிஞ்சு போச்சுது. செத்துக்கித்துப் போச்சுதெண்டா..."

வைத்தியர் ஊசி ஏற்றி அதை மயங்க வைத்தார். வாயைத் திறந்து வெளிச்சம் பிடித்தார். மேல்வாயில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் குறுக்கே ஒரு எலும்பு இறுகி நின்றது. இடுக்கியால் பிடித்து ஒரு இழுவை. எலும்பை எங்கள் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டு, "இதுதான் உங்கட விசர்" என்றார்.

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். இவர் வாய்க்கால் பக்கமாகப் போய், மகளைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினார். அவள் பாலத்தால் ஓடி வந்தாள். எனக்கு ஆறுதல் உடனே வரவில்லை. "வேற ஒண்டும் இல்லையெண்டு நிச்சயமோ, டொக்டர்?" என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு மூண்டு நாள் பாருங்கோ. நல்லாச் சாப்பிட்டுதெண்டா எனக்குச் சொல்லுங்கோ, நானே வந்து இதுக்குத் தடுப்பூசி போடுறன். மீன் தலை மட்டும் வேண்டாம்" என்றார். கடைசிச் சொல்லை இவரைப் பார்த்துச் சொன்னார்.

மயக்கம் தெளிந்ததும் பூனை எழும்பி, தள்ளாடி, நேரே தண்ணீர்ச் சிரட்டைக்குப் போய் நக்கியது. முடியும்வரை நக்கியது. நாங்கள் நாலு பேரும் கோழிக்கூட்டைச் சுற்றி நின்று அதைப் பார்த்தோம்.

தவணை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது வைத்தியர், பூனை எப்படி என்று ஒரே கேள்விதான் கேட்டார். சுகம் என்றோம். இனி ஊசி தேவையில்லை என்று இரண்டு பேருக்கும் சொன்னார். அவள் வெளியே வந்து கணவனுக்கு அழைத்தாள். அதுவரை அவனுக்குச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாகன நிறுத்துமிடத்தில் நின்றபடி முதலிலிருந்து முழுக்கதையையும் அவனுக்குச் சொன்னாள்.

சொன்னபடி மிருக வைத்தியர் வந்தார். அவள் பூனையைத் துணியால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். மகள் அதன் தலையைத் தடவினாள். ஊசி இறங்கியதைப் பூனை கவனித்ததாகவே தெரியவில்லை. வைத்தியர் பெட்டியை மூடியபோது, "இது ஆற்ற பூனை?" என்று கேட்டார். நாங்கள் ஆளை ஆள் பார்த்தோம். "எங்கடை" என்றாள் மகள், பூனையை மடியில் வைத்திருந்தவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு.

இவர் நெல் அள்ளும் பேச்சை எடுத்தார். பின்னேரம் மழை வரும் போல இருக்கிறதாம். அவளும் சாக்குகள் இரண்டை எடுத்துக்கொண்டு அவரோடும் மகளோடும் றோட்டுக்குப் போனாள். நானும் போகத்தான் எழும்பினேன். இனிப் பூனையின் வாயைப் பார்க்கத் தேவையில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விறாந்தைக் குந்தில் திரும்ப இருந்துவிட்டேன். அவர்கள் நெல்லைக் கூட்டும் சத்தம் அங்கிருந்து கேட்டது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே இருந்தேன்.